நீலத்தில் ஆறு நிமிடம், கறுப்பில் ஒரு மணி நேரம்

டச்சப் சார் என்று சொன்னால் சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் குடியிருக்கும் தெருவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கல்யாண ஆல்பம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் முகங்களைச் செப்பனிடுவது அவர் வேலை. மணப்பெண்ணின் நெற்றியில் சொல்லிவைத்த மாதிரி அன்றைக்கென்று முளைத்த பருவை எடுப்பார். குடும்பப் படத்தில் சரியாக நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்கு, வேறொரு படத்திலிருந்து அவருடைய கண்களையே கொண்டுவந்து வைத்துத் திறந்துவிடுவார். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத பெரிய மாமாவைக்கூட, பழைய படம் ஒன்று கிடைத்தால் போதும், வரிசையில் இரண்டாவது ஆளாகச் சிரித்தபடி நிற்க வைத்துவிடுவார். யார் பார்த்தாலும் மாமா வந்திருந்தார் என்றுதான் சொல்வார்கள்.

இப்படி ஊரார் முகத்தையெல்லாம் அணு அணுவாக அறிந்த மனிதரை ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. மருந்துக் கடை வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் சட்டென்று சிரித்துவிடுவார். போன மாதம் முழுக்க அந்த முகத்தோடுதான் மல்லுக்கட்டியிருப்பார். தாடைக்குக் கீழே இருக்கும் மச்சம்வரை மனப்பாடம். அவளுக்கோ இவர் யாரோ எவரோ. ஒருமுறை அப்படிச் சிரிக்கப்போய், பக்கத்தில் நின்ற புருஷன், "என்ன வேணும் உங்களுக்கு?" என்று முறைத்தான். "ஒண்ணுமில்லீங்க, தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு" என்று அசடு வழிந்துவிட்டு, வாங்க வந்த மாத்திரையை வாங்காமலேயே வீடு திரும்பினார்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் பெண் பார்த்தார்கள், அமையவில்லை. அப்புறம் பார்க்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் கம்ப்யூட்டர். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வாள். பேச்சு சாப்பாட்டில் ஆரம்பித்து மாத்திரையில் முடியும். தனியாக இருக்கிறீர்களே என்று யாராவது கேட்டால், "பழகிடுச்சு" என்பார். பழகிவிட்டது என்று சொல்கிறவர்களை அவ்வளவு சுலபத்தில் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

அந்தக் கம்ப்யூட்டரைப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகம் பாகமாக வாங்கி அவரே சேர்த்தார். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, குளித்து, துணி உலர்த்திவிட்டு வந்தால், அப்போதுதான் அது எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் தொண்டையைச் செருமும். பின்பக்கத்தில் வரிசையாக யூஎஸ்பி போர்ட்டுகள், எல்லாம் கறுப்பு. கறுப்பு என்றால் பழைய ரகம், மெதுவானது. வேகமான புது ரகத்துக்கு உள்ளே நீல நாக்கு இருக்கும். கேமராவோடு புழங்குகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஸ்டுடியோ மேடம் வருவார். இரண்டு தெரு தள்ளி ஸ்டுடியோ நடத்துகிறவர். கணவர் தவறிய பிறகு கேமராவைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர். கல்யாண வீடுகளில் நாள் முழுக்க நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், படியேறும்போது கைப்பிடியோடு பேசிக்கொண்டே ஏறுவார். கையில் ஒரு டிஸ்க் இருக்கும். அதில் அந்த வாரத்துக் கல்யாணம், ஆயிரக்கணக்கான படங்கள், தொண்ணூறு ஜிபிக்குக் குறையாது. அதை டச்சப் சாரின் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும்.

டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகலாமே என்றால் அது மட்டும் நடக்காது. முன்பு ஒரு ஆல்பக்காரர் இப்படி வாங்கி வைத்துக்கொண்டு ஒரு முழுக் கல்யாணத்தையே தொலைத்துவிட்டார். பெண்ணைப் பெற்றவள் ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையை மேடம் மறக்கவில்லை. அன்றிலிருந்து டிஸ்க் அவர் கண்ணை விட்டு நகராது. அதனால் காப்பி முடியும்வரை, ஒன்றேகால் மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முட்டியை நீவிக்கொண்டே பேசுவார்.

பேச்சென்றால் பேச்சு. எந்த வீட்டில் எந்த மச்சான் யாரோடு முறைத்துக்கொண்டு நின்றான், எந்த அத்தை எல்லாப் படத்திலும் நடுவில் வந்து நின்றாள், எந்தத் தகப்பன் மேடையில் சிரித்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் போய் அழுதான், எல்லாம் வரும். டச்சப் சார் "ம்", "அப்படியா", "அடடா" என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரத்தையும் ஓட்டுவார். நடுவில் டீ போடுவார். ஒருநாள் மேடம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். சத்தம் வரக் கூடாதென்று சார் அரைமணி நேரம் மவுஸைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் முகச்சவரம் செய்துகொள்கிறோம் என்பதை அவர் கவனித்ததுகூடக் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் புது டிஸ்க்கோடு வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, பேய் வேகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு கொடுத்தார். சார் செருகினார். திரையில் பச்சைப் பட்டை எப்போதும் போல நொண்டியடித்தது.

"என்ன சார் இது, என் டிஸ்க் குதிரை, உங்க பொட்டி ஆமை. என் ஆயுசுல பாதி இந்த நாற்காலியிலேயே கழிஞ்சிடும் போலிருக்கே!" என்று மேடம் சிரித்தார். சிரித்துவிட்டு, அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி மாப்பிள்ளை ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தானாம். கதை பாதியில் இருக்கும்போது ஸ்டுடியோவிலிருந்து ஃபோன் வந்தது, காப்பியும் முடிந்திருந்தது, "மிச்சம் அப்புறம்" என்று போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை சாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பாவம், முட்டிவலியோடு படியேறி வருகிற மனுஷி; நம் வீட்டு ஓட்டைப் பெட்டிக்காக வாரா வாரம் தவம் கிடக்கிறாள். இத்தனை நாள் இது நமக்கு உறைக்கவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டார். மறுநாளே பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

"சார், இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க. இதுக்குப் போய் வைத்தியம் பார்ப்பாங்களா?" என்றார் கடைக்காரர்.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேகம் மட்டும்தான் வேணும்" என்றார் சார். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றும், நீல போர்ட் நான்கு கொண்ட கார்டு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் தரையில் துணியை விரித்து, கம்ப்யூட்டர் கேபினட்டைப் படுக்கப் போட்டுத் திறந்தார். உள்ளே பதின்மூன்று வருஷத்துத் தூசி, கம்பளி மாதிரி. பிரஷ்ஷால் தட்டித் துடைத்ததில் தும்மல் நிற்கவே அரைமணி ஆயிற்று. கார்டு உட்காரும் இடத்துக்கு நேரே பின்பக்கத் தகட்டை வளைத்துப் பிய்த்தபோது கட்டை விரலைக் கிழித்துக்கொண்டார். கார்டுக்குத் தனியாகக் கரண்டு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பல வருஷமாகத் திறக்காத டிவிடி டிரைவிலிருந்து ஒயரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தார். எஸ்எஸ்டியைப் பொருத்தத் தோதான சட்டம் இல்லை. இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டிவிட்டார். அடுத்தது, பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதிதற்கு மாற்ற வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்று திரை கேட்டது. மாற்றிச் சொல்லிவிட்டால் பழையதும் போய்ப் புதியதும் வெறுமையாகிவிடும். ஏழு தடவை படித்துப் பார்த்துவிட்டு, எட்டாவது தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்புறம்தான் அழுத்தினார்.

எல்லாம் முடிந்து பொத்தானைத் தட்டினால், ஒன்பது விநாடியில் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. செருமல் இல்லை, முனகல் இல்லை. சாருக்குத் தலைகால் புரியவில்லை. அணைத்து மறுபடி போட்டார். ஒன்பது விநாடி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டில்தான் இருந்தது. தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"என்னண்ணா, உடம்புக்கு ஏதாவதா?" என்று அவள் பதறினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கம்ப்யூட்டர் வேகமாயிடுச்சு. ஒன்பதே செகண்டு."

"அதுக்கா திங்கக்கிழமை ஃபோன் பண்ணுன? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு எனக்கு. அடுப்புல வச்சது அப்படியே இருக்கு, ஞாயித்துக்கிழமை பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்ததும், டீக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு வித்தைக்காரனைப் போல டிஸ்க்கை வாங்கி நீலத்தில் செருகினார். பச்சைப் பட்டை பாய்ந்தது. மேடம் வாயைப் பிளந்தார். ஆறு நிமிடம். தொண்ணூறு ஜிபியும் உள்ளே.

"பின்னிட்டீங்க சார்! இது தெரியாம இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேனே!"

முகமெல்லாம் சிரிப்பாக டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு மேடம் கிளம்பிவிட்டார். அடுப்பில் தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. சார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்தார். நினைத்ததைச் செய்து முடித்த மனிதன் மகிழ்ச்சியாக இல்லாமல் வேறெப்படி இருப்பான்?

அடுத்த செவ்வாயும் ஆறு நிமிடம். வந்தார், ஏற்றினார், போனார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மேஜையில் கையை ஊன்றி நின்றபடியே முடித்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி மாப்பிள்ளை என்ன ஆனான் என்று கேட்க சாருக்கு வாய் வரை வந்தது. கேட்டால் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். வேலையுள்ள ஆளை எதற்காக உட்காரச் சொல்வது? அவர் போன பிறகு அந்த மாப்பிள்ளையின் கல்யாணப் படங்களை மறுபடி வரிசையாகத் திறந்து பார்த்தார். காலையில் மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியோடு நின்றான். மத்தியானத்துக்கு மேல் மணப்பெண்ணும் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். எதற்கென்று படத்தில் எழுதியிருக்கவில்லை.

அந்த வாரம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. புதன்கிழமை பேசவில்லை, வியாழக்கிழமை பேசவில்லை, வெள்ளிக்கிழமை பால் பாக்கெட் வாங்கும்போது "ஒண்ணு" என்று சொன்னதோடு சரி. முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் வாரத்தின் நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்தது, அதை நம்பி மிச்ச நாட்கள் ஓடின. அதைத் தன் கையாலேயே பிரித்து, துடைத்து, வேகமாக்கித் தொலைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு கார்டு வேலை செய்கிறதே என்று அழுத ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மேடம் அவசரமாகப் படியேறி வந்தார். கேபினட் மேஜைக்கு அடியில்தான் இருக்கும். சார் குனிந்து, கையைப் பின்னால் விட்டு, நீலத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் தாண்டிக் கீழே இருந்த கறுப்பில் செருகினார்.

"என்ன சார், இன்னைக்கு நகரவே மாட்டேங்குது?"

"என்னமோ தெரியல மேடம். மக்கர் பண்ணுது."

அவர் வாழ்க்கையில் ஆயிரம் முகத்தைப் பொய்யாக்கியிருக்கிறார். வாயால் சொன்ன பொய் அதுதான் முதலாவதாக இருக்கும். திரையில் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம்தானேன்னு நம்பி மூணே முக்காலுக்கு முட்டி டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன் சார். பத்து நாள் காத்திருந்து கிடைச்சது. நிறுத்திட்டு அப்புறம் வரலாம்னா, காலையில வெளியூர்க் கல்யாணம், இன்னைக்கு சாயங்காலமே கிளம்பணும், வர நாலு நாளாகும். நீங்க வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்."

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "இருங்க, வேற போர்ட்ல போட்டுப் பாக்குறேன்" என்று ஒயரை மாற்றியிருந்தால் ஆறு நிமிடத்தில் மேடம் டாக்டர் வீட்டுப் படியில் இருந்திருப்பார், சந்தேகம்கூட வந்திருக்காது. அந்த யோசனை அவருக்கு வராமலில்லை. வந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும் விட்டார்.

அதற்குள் மேடம் டாக்டர் வீட்டுக்கு ஃபோன் பண்ணி வர முடியாது என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சோடு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். "சரி விடுங்க, விதி. அந்தக் கண்ணாடி மாப்பிள்ளை கதையை முடிச்சேனா உங்ககிட்ட?" என்றார்.

சார் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருந்துச்சு சார் பையனுக்கு. கண்வலி. கல்யாணத்தன்னைக்கே வந்துடுச்சு. எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, இவன் கூனிக் குறுகிப்போறான். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? தம்பியை அனுப்பித் தனக்கும் ஒரு கண்ணாடி வாங்கிட்டு வரச் சொல்லி மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான், ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டேன் சார்."

"அடடா" என்றார் சார். உள்ளபடியே அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. டீ போட்டார். மேடம் இன்னொரு கதை சொன்னார். பேசும்போதே அடிக்கடி முட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். அப்படிச் சுளிக்கும்போதெல்லாம் சார் திரையைப் பார்த்தார். இருபது நிமிடம் என்றது. எட்டு என்றது. பிறகு முடிந்தது.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுச் சார் திரும்பி வந்தபோது, மேடம் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மண்டியிட்டு, டிஸ்க்கைக் கழற்றப் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க ஏன் குனியுறீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஓடினார். மேடம் ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"கறுப்புல இருக்கு சார்."

சார் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"அவசரத்துல கவனிக்காம மாத்திச் செருகிட்டீங்க போல" என்றார் மேடம். அந்தக் கார்டை வாங்கி, விரலைக் கிழித்துக்கொண்டு மாட்டிய ஆளுக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுத்தான் சொன்னார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"கவனிச்சுத்தான் செருகினேன்" என்றார் சார்.

"ஏன் சார்?"

"நீலத்துல போட்டா ஆறு நிமிஷத்துல போயிடுறீங்க."

மேடம் மேஜையைப் பிடித்து எழுந்து நின்றார். எழுந்து நிற்க நேரம் பிடித்தது. சார் கையை நீட்டினார். மேடம் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"உட்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பேனே சார். எனக்கு மட்டும் வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்காங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "இனிமே எப்படி உட்காருவேன்? ஒவ்வொரு தடவையும் ஒயர் எதுல இருக்குன்னுதானே பார்க்கத் தோணும்."

டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று போனார். துணைக்கு இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் படி முடிந்து தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நின்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. சார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பார்சல்காரர் நின்றுகொண்டிருந்தார், நரைத்த மீசையும் வியர்த்த சட்டையுமாக. உறைக்குள் டிஸ்க் இல்லை, படங்களை நகலெடுத்த ஒரு பென் டிரைவ் இருந்தது. மேலே மேடத்தின் கையெழுத்தில் கல்யாணத் தேதியும் படங்களின் எண்ணிக்கையும் மட்டும். சார் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பார்சல்காரர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"கொஞ்சம் உட்காருங்களேன்" என்றார் சார்.

பார்சல்காரர் நின்று ஆச்சரியமாகப் பார்த்தார். "ஏன் சார், திருப்பி அனுப்ப ஏதாவது இருக்கா?"

"இல்ல. வெயில்ல வந்திருக்கீங்க. சும்மாதான். டீ போடுறேன்."

"இன்னும் முப்பது வீடு பாக்கி இருக்கு சார்" என்று சிரித்துவிட்டு, பார்சல்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.